அடியைப் பங்கு போட்டுக்கொள்ளப் பயின்றவர்கள்: நாஷ்வில், 1960

#1 நூலகவாசி

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் கிடந்த விஷயம். இன்றைக்கு எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் பலருக்கும் மார்ட்டின் லூதர் கிங்கும் 1963 வாஷிங்டன் பேரணியும் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் வருவது ஒரு தேவாலயத்தின் அடித்தளம்தான். டென்னசி மாநிலம், நாஷ்வில் நகரம், கிளார்க் மெமோரியல் மெதடிஸ்ட் தேவாலயம். 1959-ன் பிற்பகுதியில் செவ்வாய்க்கிழமை இரவுகளில் கல்லூரி மாணவர்கள் அங்கே கூடினார்கள். நாற்காலிகளை உணவகத்துக் கவுண்டர் மாதிரி வரிசையாகப் போடுவார்கள். சிலர் உட்காருவார்கள். மற்றவர்கள் வெள்ளை ரவுடிகளாக நடிப்பார்கள். கெட்ட வார்த்தையில் திட்டுவது, முகத்தில் சிகரெட் புகையை ஊதுவது, நாற்காலியோடு இழுத்துக் கீழே தள்ளுவது எல்லாம் நடக்கும். உட்கார்ந்திருப்பவர் திருப்பி அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. அடிப்பவனின் கண்ணைப் பார்க்க வேண்டும். கீழே விழுந்தால் உடம்பைச் சுருட்டித் தலையைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு பாடம் என்னை விடவே இல்லை. கூட வந்தவர் ஒருவரைப் பலர் சேர்ந்து மோசமாக அடிக்கிறார்கள் என்றால் மற்றவர்கள் நடுவில் போய்த் தங்கள் உடம்பைக் கொடுக்க வேண்டும். அடி ஒருவர் மேலேயே விழுந்துகொண்டிருந்தால் அவர் பிழைக்க மாட்டார். நாலு பேர் மேல் விழுந்தால் நாலு பேரும் பிழைக்கலாம். அடியைப் பங்கு போட்டுக்கொள்வது எப்படி என்று உட்கார்ந்து பயிற்சி எடுத்திருக்கிறார்கள், இருபது வயதுப் பிள்ளைகள்.

சொல்லிக்கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். அவர் நம் நாட்டில் இருந்தவர். கொரியப் போர் சமயத்தில் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போய், வெளியே வந்தபின் மெதடிஸ்ட் ஊழியராக நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரிக்கு வந்தார். 1953 முதல் 1956 வரை அங்கே இருந்து காந்தியின் முறைகளைப் படித்தார். மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு (அலபாமா மாநிலத்தில், நிறம் பார்த்து இருக்கை பிரித்ததை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் இருந்த போராட்டம்) தொடங்கிய செய்தியை அவர் படித்ததே நாக்பூரில், செய்தித்தாளில்தான். ஊர் திரும்பியதும் 1957-ல் கிங்கைச் சந்தித்தார். தென் மாநிலங்களுக்கு உடனே வாருங்கள், உங்களைப் போன்றவர் அங்கே யாரும் இல்லை என்று கிங் வற்புறுத்தியதால் நாஷ்வில் போனார்.

1960 பிப்ரவரி 13 அன்று பனியில் நடந்துபோய் மூன்று கடைகளின் சாப்பாட்டுக் கவுண்டர்களில் 124 பேர் உட்கார்ந்தார்கள். (12 நாள் முன்பு வட கரோலினா கிரீன்ஸ்பரோவில் 4 மாணவர்கள் வூல்வொர்த் கடையில் உட்கார்ந்து தொடங்கியிருந்தார்கள். நாஷ்வில்காரர்கள் அதற்கும் முன்பே, 1959 நவம்பர், டிசம்பரில் ஒத்திகை பார்த்துவிட்டார்கள்.) துணி, பென்சில், சோப்பு எல்லாம் அதே கடையில் கறுப்பர்கள் வாங்கலாம். காசும் வாங்கிக்கொள்வார்கள். உட்கார்ந்து ஒரு காபி கேட்டால் கிடையாது. பிப்ரவரி 27 அன்று ரவுடிகள் புகுந்து அடித்தார்கள். போலீஸ் வந்து கைது செய்தது அடி வாங்கிய 81 பேரை. ஒரு வரிசையை இழுத்துக்கொண்டு போனதும் அடுத்த வரிசை அதே ஸ்டூல்களில் வந்து உட்கார்ந்தது.

இதைப் 'பொறுமை' என்ற சொல்லில் அடக்கும்போது எனக்கு ஒப்பவில்லை. பொறுமை என்றால் சும்மா இருப்பது. இவர்கள் சும்மா இருக்கவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 கரிசல்காட்டான்

நல்ல இழை. ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிப்பட்ட கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அடிக்கிறவனுக்கு ஒரு பயிற்சி வகுப்பும் கிடையாது. அடி வாங்குகிறவன்தான் வகுப்புக்குப் போக வேண்டும், ஒழுக்கமாக இருக்க வேண்டும், புத்தகம் கையில் வைத்திருக்க வேண்டும், சிரிக்கக்கூடக் கூடாது. தன்னை மனிதன் என்று நிரூபிக்க இவன் எவ்வளவுதான் செய்வது? ஏற்கெனவே அரசியல் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. வழக்குப் போட்டு வென்றால் போதாதா? ரத்தம் சிந்தினால்தான் உலகம் திரும்பிப் பார்க்கும் என்றால் அந்த உலகத்தின் மேல்தானே குற்றம்?

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களைப் புகழ்வதில் அடித்தவனின் கணக்கு மறந்துபோகிறது என்பதுதான் என் வருத்தம்.

#3 முத்துச்சிப்பி

கரிசல்காட்டான் அண்ணா சொல்வது நியாயம்தான். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் 'தியாகம்' என்று பேசும்போது அடியும் சிறையும் மட்டுமே கண்ணில் படுகிறது. சமையலறையில் நடந்ததை யாராவது சொல்ல வேண்டும் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு 1955 டிசம்பர் 5 அன்று தொடங்கி 381 நாள் நடந்தது. ஐம்பதாயிரம் பேர் அளவுக்கு இருந்த கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை. அவர்களை வேலைக்குக் கொண்டுபோய்விடக் கார்கள் வேண்டும். காருக்குப் பெட்ரோல் வேண்டும், காப்பீடு வேண்டும். காசு எங்கிருந்து வரும்?

ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு அம்மா. ஒரு உணவகத்தில் சமையல் வேலை. புறக்கணிப்பு தொடர்பான வழக்கில் கிங்குக்காகச் சாட்சி சொன்னார், வேலை போயிற்று. அப்புறம் வீட்டிலேயே சமைத்து விற்றார். பொரித்த கோழி, மீன், பை, கேக். மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு அவர்கள் வீடுகளிலும் சமைக்கச் சொன்னார். முடிதிருத்தும் கடை, அழகு நிலையம், வாடகைக் கார் நிற்கும் இடம் என்று கொண்டுபோய் விற்று, வந்த காசை ஒவ்வொரு கூட்டத்திலும் கொடுத்தார்கள். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்பதுதான் பதில். குழுவுக்கே 'எங்கிருந்தும் வராத குழு' என்று பெயர். ஏனென்றால் சமைத்த பெண்கள் பலர் வெள்ளையர் வீட்டு வேலைக்காரிகள். பெயர் வெளியே தெரிந்தால் மறுநாள் அடுப்பு எரியாது.

என் அம்மா இருபது வருஷம் வீட்டு வேலை செய்தவர். மாதக் கடைசியில் ஒரு வீட்டில் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பெயர் தெரியாத பெண்களை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. பேருந்தில் வெள்ளையருக்காக எழுந்துகொள்ள மறுத்துப் புறக்கணிப்புக்கே காரணமான ரோசா பார்க்ஸுக்கே துணிக்கடை தையல் வேலை போயிற்று. 1957-ல் ஊரைவிட்டே டெட்ராய்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

#4 நூலகவாசி

முத்துச்சிப்பி, இதை எழுதியதற்கு நன்றி. என் முதல் பதிவில் இந்தப் பக்கம் விட்டுப்போயிருந்தது.

கரிசல்காட்டான் எழுதியது:
"வழக்குப் போட்டு வென்றால் போதாதா?"

போடாமல் இல்லை தோழர், வென்றும் விட்டார்கள். அதுதான் கொடுமையே. 1944-ல் வர்ஜீனியாவில் ஐரீன் மார்கன் என்ற பெண் பேருந்தில் இடத்தை விட்டுத்தர மறுத்தார். மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்தில் நிறம் பார்த்து இருக்கை பிரிப்பது செல்லாது என்று 1946-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1960-ல் இன்னொரு வழக்கில், அந்தப் பயணிகள் இறங்கும் நிலையத்து உணவகம், காத்திருப்பு அறைகளிலும் பிரிக்கக் கூடாது என்றது. ஆனால் தென் மாநிலப் பேருந்து நிலையங்களில் 'வெள்ளையருக்கு', 'நிறத்தவருக்கு' என்ற பலகைகள் அப்படியே தொங்கின. தீர்ப்பு நூலகத்தில் இருந்தது, பலகை சுவரில் இருந்தது.

அந்தத் தீர்ப்பு நடைமுறையில் இருக்கிறதா என்று பேருந்தில் ஏறிப் பார்ப்பதுதான் 1961-ன் விடுதலைப் பயணம். மே 4 அன்று வாஷிங்டனிலிருந்து 13 பேர், கறுப்பர் 7, வெள்ளையர் 6, இரண்டு பேருந்துகளில் கிளம்பினார்கள். மே 14, அன்னையர் தினம். அலபாமாவின் அனிஸ்டனில் ஒரு கும்பல் பேருந்தின் டயர்களைக் கிழித்தது. ஊருக்கு வெளியே வண்டி நின்றதும் உள்ளே தீ வைத்துவிட்டுக் கதவைத் திறக்கவிடாமல் வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டது. புகையில் மூச்சுமுட்டி எப்படியோ வெளியே வந்து புல்லில் விழுந்தவர்களுக்கு அங்கிருந்த கடைக்காரரின் 12 வயது மகள், வெள்ளைச் சிறுமி, வீட்டிலிருந்து தண்ணீர் எடுத்துவந்து ஒவ்வொருவராகக் குடிக்கக் கொடுத்தாள். இன்னொரு பேருந்து பர்மிங்ஹாம் போய்ச் சேர்ந்தபோது அங்கே காத்திருந்த கும்பல் அடித்ததில் ஜிம் பெக் என்ற பயணியின் தலையிலும் முகத்திலும் ஐம்பதுக்கும் மேல் தையல் போட வேண்டியிருந்தது.

இத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் பலரும் சொன்னார்கள். நாஷ்வில் மாணவி டயான் நாஷ் ஒப்புக்கொள்ளவில்லை. வன்முறை செய்தால் இவர்களை நிறுத்திவிடலாம் என்று ஒரு முறை தெரிந்துவிட்டால் இயக்கம் முடிந்தது என்பது அவர் வாதம். அப்போது அவருக்கு 23 வயது. நாஷ்வில்லிலிருந்து புதிய அணியை அனுப்பினார். அப்போதைய அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியின் உதவியாளர் தொலைபேசியில், பிள்ளைகள் செத்துப்போவார்கள் என்று மன்றாடினார். நாஷ் அமைதியாகச் சொன்ன பதில்: அது எங்களுக்குத் தெரியும் ஐயா, நேற்று இரவே எல்லோரும் உயில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் உயில் எழுதியிருக்கிறார்கள். எழுத அவர்களிடம் என்ன சொத்து இருந்திருக்கும்?

மே 20 அன்று மான்ட்கோமரி நிலையத்தில் அந்த அணி இறங்கியபோது கும்பல் காத்திருந்தது. நாஷ்வில் மாணவர் ஜான் லூயிஸ் மண்டையில் அடிபட்டு நினைவிழந்தார். நாஷிடம் பேசிய அதே உதவியாளர், ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய், அவரும் இரும்புக் குழாயால் அடிபட்டுத் தரையில் கிடந்தார். அதன் பிறகும் மிசிசிப்பி தலைநகர் ஜாக்சனுக்குப் பேருந்து பேருந்தாகப் போய்க் கைதானார்கள். அந்தக் கோடையில் அங்கே மட்டும் 300 பேருக்கு மேல் கைது. பலரைப் பார்ச்மன் சிறைக்கு அனுப்பினார்கள். பாட்டை நிறுத்தாவிட்டால் மெத்தையைப் பிடுங்குவோம் என்றது சிறை. மெத்தையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பாடினார்கள். வெறும் இரும்பில் படுத்தார்கள். கடைசியில் செப்டம்பரில், மாநிலம் விட்டு மாநிலம் போகும் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசின் வணிக ஆணையம் உத்தரவு போட்டது, நவம்பர் 1 முதல் பலகைகளை எடுக்க வேண்டும் என்று.

1946 தீர்ப்பு. 1961 நவம்பர். நடுவில் 15 வருஷம். சட்டத்துக்கு உயிர் கொடுக்க யாரோ உடம்பைக் கொடுக்க வேண்டியிருந்தது. அது அநியாயம்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அநியாயத்தை முதலில் கண்டுகொண்டவர்களும் அவர்கள்தான்.

#5 பழைய வாத்தியார்

தம்பிகளே, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன் நான். முப்பத்தோரு வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறாத ஒரு சங்கடம் இருக்கிறது. அது பர்மிங்ஹாம் குழந்தைகள்.

1963 ஏப்ரலில் அங்கே போராட்டம் தொடங்கியது. கிங் சிறைக்குப் போனார். ஆனாலும் பெரியவர்கள் போதுமான அளவு வரவில்லை. காரணம் கோழைத்தனம் இல்லை. முத்துச்சிப்பி சொன்ன அதே காரணம், கைதானால் வேலை போகும், வீட்டுக் கடன் நிற்கும். அப்போது ஜேம்ஸ் பெவல் (இவரும் நாஷ்வில் வகுப்பில் படித்தவர்) பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்றார். அவர்களுக்கு இழக்க வேலை இல்லை. கிங் தயங்கினார். மே 2 அன்று பள்ளிப் பிள்ளைகள் வகுப்பைவிட்டு வெளியே வந்து, 16-வது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து வரிசை வரிசையாகப் பாடிக்கொண்டே இறங்கினார்கள். நூற்றுக்கணக்கில் கைது. சிறையில் இடம் போதாமல் பள்ளிப் பேருந்துகளில் ஏற்றிப் பொருட்காட்சி மைதானத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். ஆட்ரி ஃபே ஹென்ட்ரிக்ஸ் என்ற பெண்ணுக்கு 9 வயது. ஒரு வாரம் காவலில் இருந்தாள்.

மறுநாள் நகரத்தின் பொதுப் பாதுகாப்பு ஆணையர் புல் கானர் தீயணைப்புக் குழாய்களையும் நாய்களையும் ஏவினார். மரப்பட்டையை உரிக்கும் அளவுக்கு அழுத்தமுள்ள தண்ணீர். படங்கள் உலகம் முழுக்கப் போயின. மே 10-க்குள் கடைக்காரர்கள் ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டார்கள். சாப்பாட்டுக் கவுண்டர், உடை மாற்றும் அறை, வேலை எல்லாம் அதில் உண்டு. அந்த மாதமே பள்ளி வாரியம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வெளியேற்றியது. மேல் நீதிமன்றம் இரண்டே நாளில் அதை நிறுத்தியது.

வெற்றிதான். ஆனால் நான் அந்த ஊர் ஆசிரியனாக இருந்திருந்தால்? பிள்ளைகள் எழுந்து போகும்போது கதவைத் திறந்துவிட்டிருப்பேனா, குறுக்கே நின்றிருப்பேனா? சில ஆசிரியர்கள் பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்களாம், போகிறவர்களைப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ள. எனக்கும் அதுதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். குழந்தைகளை முன்னால் நிறுத்தியது சரியில்லை என்று மால்கம் எக்ஸ் அப்போதே கடுமையாகக் கண்டித்தார். அவர் சொன்னதை என்னால் சுலபமாகத் தள்ள முடியவில்லை.

#6 கரிசல்காட்டான்

வாத்தியார் ஐயா, அந்தத் தேவாலயத்தின் பெயரைச் சொன்னீர்கள். அதே தேவாலயத்தில் அதே வருஷம் செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலையில் குண்டு வெடித்து 4 சிறுமிகள் செத்தார்கள். மூன்று பேருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. குண்டு வைத்தவர்களில் முதல் ஆளுக்குத் தண்டனை கிடைத்தது 1977-ல். மற்ற இருவருக்கு 2001, 2002-ல். நான் சொன்ன 'அடித்தவனின் கணக்கு' இதுதான்.

நூலகவாசி, 1946-1961 கணக்கை நீங்கள் போட்டுக் காட்டிய பிறகு என் கேள்வி கொஞ்சம் மாறிவிட்டது. வழக்கு போதும் என்று இனி சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த மக்கள் எல்லோரும் ஆயுதம் இல்லாமல் இருக்கவில்லை. 1956 ஜனவரியில் கிங் வீட்டில் குண்டு வெடித்தது. அப்போது அவர் வீட்டிலேயே துப்பாக்கி இருந்தது. உரிமம்கூடக் கேட்டு விண்ணப்பித்தார், தரவில்லை. அகிம்சை பற்றி ஆலோசனை சொல்லப் போன பயார்ட் ரஸ்டின் அந்த வீட்டில் துப்பாக்கிகளைப் பார்த்துத் திகைத்தார். மிசிசிப்பியில் வாக்காளர் பதிவுக்குப் போன மாணவர்களைத் தங்கவைத்த விவசாயிகள் பலர் இரவில் துப்பாக்கியோடு திண்ணையில் காவல் இருந்தார்கள். லூசியானாவில் 1964-ல் 'தற்காப்பு டீக்கன்கள்' என்று ஒரு அமைப்பே வந்தது.

பகலில் வெறுங்கையோடு நடந்தவர்களை இரவில் யாரோ காவல் காத்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

#7 இரவுப்பணி

கரிசல்காட்டான் சார் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் செவிலியர். சிறுநீரகப் பிரிவில் எட்டு வருஷம். அதனால் ஃபேனி லூ ஹேமர் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

மிசிசிப்பி ரூல்வில் பக்கம் ஒரு பருத்தித் தோட்டம். குத்தகைக் குடும்பத்தின் 20 பிள்ளைகளில் கடைசி அவர். ஆறு வயதில் பருத்தி எடுக்க ஆரம்பித்தவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதிவு செய்ய இன்டியனோலா போனார். திரும்பி வந்ததும் முதலாளி, பெயரைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் வெளியேறு என்றார். 18 வருஷம் வேலை பார்த்த இடம். அன்று இரவே வெளியேறினார். பெயரைத் திரும்பப் பெறவில்லை.

1963 ஜூனில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்த் திரும்பும் வழியில் வினோனா என்ற ஊரில் கைதானார். சிறையில் இரண்டு கறுப்பினக் கைதிகளையே கட்டாயப்படுத்தி அவரை அடிக்க வைத்தார்கள். ஒருவர் களைத்ததும் அடுத்தவர். ஹேமருக்குச் சிறுவயதில் போலியோ வந்து ஒரு பக்கம் பலவீனம். அந்தப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படுத்திருந்ததாக அவரே பின்னால் சொன்னார். சிறுநீரகம் கெட்டது. ஒரு கண்ணில் ரத்தம் கட்டியது. நொண்டல் கடைசிவரை போகவில்லை. அவர்களை விடுவித்த அன்று விடியற்காலையில்தான் ஜாக்சனில் உரிமைப் போராட்டத் தலைவர் மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

அடிபட்ட சிறுநீரகம் என்றால் என்ன என்று நான் தினமும் பார்க்கிறேன். அது ஒருநாள் வலியோடு முடிவதில்லை. கால் வீங்கும், இரத்த அழுத்தம் ஏறும், தூங்க முடியாது. அந்த உடம்போடுதான் 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன்னால் உட்கார்ந்து, வினோனாவில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். 59 வயதில் இறந்தார். வரலாற்றில் 'அடிபட்டார்' என்று ஒரே சொல்லில் கடந்துபோகிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் 14 வருஷ வாழ்க்கை இருக்கிறது.

#8 டர்பன் பேரன்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள். பேச்சு அமெரிக்காவைப் பற்றி என்றாலும் ஒரு சின்னச் சேர்க்கை.

1946-ல் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுத்து இங்கே ஒரு சட்டம் வந்தது. மக்கள் அதை 'கெட்டோ சட்டம்' என்றார்கள். அதை எதிர்த்து டர்பனில் அம்பிலோ சாலையும் கேல் தெருவும் சேரும் மூலையில் ஒரு காலி இடத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். வெள்ளை இளைஞர்கள் இரவில் வந்து கூடாரங்களைப் பிரித்து எறிந்து அடிப்பார்கள். காலையில் திரும்பக் கூடாரம் போடுவார்கள். இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய 2000 பேர் சிறைக்குப் போனார்கள். தலைமை தாங்கிய டாக்டர் மான்டி நாயக்கர், டாக்டர் குணம் இருவரும் தமிழர்கள். டாக்டர் குணம், மருத்துவமனையையும் நோயாளிகளையும் விட்டுவிட்டுச் சிறைக்குப் போன பெண்மணி.

என் பாட்டி அந்த முகாமுக்குச் சோறு கொண்டுபோனவர். முத்துச்சிப்பி அக்காவின் பதிவைப் படித்ததும் அவர் ஞாபகம் வந்தது. சட்டி காலியாகத் திரும்பி வந்தால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம், பாதிச் சோற்றோடு வந்தால் கைது நடந்திருக்கிறது என்று அர்த்தம் என்பார்.

#9 நூலகவாசி

டர்பன் பேரன், அந்தச் சட்டிக் கணக்கை இனி மறக்க மாட்டேன்.

வாத்தியார் ஐயாவின் சங்கடத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கிறது என்று நடிக்கவும் மாட்டேன். கரிசல்காட்டான் தோழரின் திண்ணைக் காவல் பற்றியும் மறுப்பு இல்லை. ஆனால் நாஷ்வில் கதையின் மிச்சத்தைச் சொன்னால் இந்த முறை எங்கே, எப்படி வேலை செய்தது என்று தெரியும்.

81 பேர் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது அவர்களுக்காக வாதாடியவர் அலெக்சாண்டர் லூபி, கறுப்பின வழக்கறிஞர். அவர் பேசும்போது நீதிபதி நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். தலைக்கு 50 டாலர் அபராதம். டயான் நாஷ், ஜான் லூயிஸ் உள்ளிட்ட சிலர் கட்ட மாட்டோம் என்றார்கள். அபராதம் கட்டுவது எங்களைக் கைது செய்த அநியாயத்துக்கு நாங்களே காசு கொடுத்து உதவுவது ஆகும் என்றார் நாஷ். உள்ளே போனார்கள். இந்தப் பெண் முதல் நாட்களில் எவ்வளவு பயந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். மறியலுக்குப் போகும் நாளில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே உள்ளங்கை வியர்த்துக் கொட்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

லாசனை வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் வெளியேற்றியது. பட்டத்துக்குச் சில மாதங்களே பாக்கி. எதிர்ப்புத் தெரிவித்து இறையியல் பேராசிரியர்கள் பலர் ராஜினாமா கொடுத்தார்கள். ஊரில் கறுப்பின மக்கள் ஈஸ்டர் சமயத்தில் நகரக் கடைகளுக்குப் போவதையே நிறுத்தினார்கள். கடை வீதி வெறிச்சோடியது. இதுவும் அகிம்சைதான், கடைக்காரர்களுக்கு எல்லாவற்றையும்விட நன்றாகப் புரிந்த பாஷை.

ஏப்ரல் 19 விடியற்காலையில் லூபி வீட்டில் குண்டு வெடித்தது. எதிரே இருந்த மருத்துவக் கல்லூரியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜன்னல்கள் நொறுங்கின. லூபியும் மனைவியும் பின்னறையில் படுத்திருந்ததால் பிழைத்தார்கள். அன்று மதியமே ஊர்வலம். சில ஆயிரம் பேர், பாட்டு இல்லை, கோஷம் இல்லை. நடைச் சத்தம் மட்டும். ஓரத்தில் நின்ற வெள்ளையர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நகரமன்றப் படிக்கட்டில் மேயர் பென் வெஸ்ட் வந்தார். சி. டி. விவியன் என்ற போதகர் அவரோடு காரசாரமாக வாதம் செய்தார். அப்புறம் நாஷ் கேட்டார்: ஒரு மனிதரை நிறத்தை வைத்து மட்டும் ஒதுக்குவது தவறு என்று நீங்கள் நினைக்கிறீர்களா? மேயர் என்ற பதவியைத் தள்ளிவைத்து மனிதராக அவர் சொன்ன பதில், ஆமாம், தவறுதான். மே 10 அன்று ஆறு கடைகளில் கறுப்பின மக்களுக்குச் சாப்பாடு பரிமாறினார்கள்.

லாசன் 1968-ல் மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். கிங்கை அந்த ஊருக்கு அழைத்தவர் அவர்தான். அங்கேதான் ஏப்ரல் 4 அன்று கிங் கொல்லப்பட்டார். அந்தப் பாரத்தோடு ஒரு மனிதர் மிச்ச ஆயுளை எப்படிக் கழித்திருப்பார்? அந்தக் கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்த ஜேம்ஸ் ஏர்ல் ரேயைப் போய்ப் பார்த்தார். பின்னால் சிறையில் அவனுக்குத் திருமணம் நடத்திவைத்ததும் லாசன்தான். 2024-ல் 95 வயதில் இறந்தார்.

#10 கரிசல்காட்டான்

கடைசிப் பத்தியை மூன்று முறை படித்தேன். என்னால் முடியாது என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. முடிந்தவர்களைப் பார்த்து வாய் பேசாமல் நிற்கிறேன்.

ஒரு தகவல் நானும் தருகிறேன். 1961 மே 9 அன்று தென் கரோலினா ராக் ஹில் நிலையத்தில் ஜான் லூயிஸை அடித்தவர்களில் ஒருவர் எல்வின் வில்சன். 2009-ல் வாஷிங்டன் போய், அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த லூயிஸிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். லூயிஸ் மன்னித்தார். 48 வருஷம் கழித்து அடித்தவனே கணக்கைக் கொண்டுவந்து கொடுத்த ஒரு சம்பவமாவது இருக்கிறது. அந்த நாலு சிறுமிகளுக்கு இப்படி யாரும் வந்து நின்றதில்லை. இரண்டையும் நான் மனதில் வைத்துக்கொள்வேன்.

#11 முத்துச்சிப்பி

நூலகவாசி அண்ணா, அந்த மாணவர்கள் கையில் வைத்திருந்த விதிகள் தாளில் என்ன இருந்தது? என் பையன் கேட்கிறான்.

#12 நூலகவாசி

சின்னத் தாள்தான் சகோதரி. ஜான் லூயிஸும் பெர்னார்ட் லஃபாயெட்டும் எழுதியது. சாரத்தைத் தமிழில் தருகிறேன். திட்டினாலும் அடித்தாலும் திருப்பிச் செய்யாதே. சத்தமாகச் சிரிக்காதே. கடை மேற்பார்வையாளர்களோடு பேச்சு வளர்க்காதே. உன் பொறுப்பாளர் சொல்லும்வரை இடத்தை விட்டுப் போகாதே. கடை வாசலையும் கடைக்குள் நடக்கும் வழியையும் மறிக்காதே. எப்போதும் மரியாதையாக, நட்பாக நடந்துகொள். நிமிர்ந்து உட்கார், முகம் எப்போதும் கவுண்டரைப் பார்த்து இருக்கட்டும். முக்கியமான எதையும் பொறுப்பாளரிடம் சொல். கடைசியில் ஏசு, காந்தி, கிங் மூவரின் போதனையை நினைவில் வை என்று இருக்கும்.

#13 பழைய வாத்தியார்

இந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு நேற்று எங்கள் தெருப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்குப் போனேன். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறவர்கள். யாரையும் திட்டவோ தள்ளவோ விடவில்லை, அது சரியில்லை. நாலு ஸ்டூல் போட்டுச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னேன். பின்னால் மற்ற பிள்ளைகள் பேசலாம், சிரிக்கலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். ஐந்து நிமிஷம் திரும்பக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு பையன் ஒரு நிமிஷத்தில் திரும்பிவிட்டான். இன்னொருவன் சிரித்துவிட்டான். ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் மட்டும் கடைசிவரை இருந்தாள். ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எழுந்தபோது உள்ளங்கையில் கோடு விழுந்திருந்தது.

அவள் கேட்டது: "அவங்க மறுநாளும் போனாங்களா சார்?"

போனார்கள் என்றேன். எத்தனை நாள் என்று கேட்டாள். பிப்ரவரி 13-லிருந்து மே 10 வரை பலகையில் எழுதிக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். 1960 லீப் வருஷம், பிப்ரவரிக்கு 29 நாள் என்று அவளே சொல்லித் திருத்தினாள்.